கைகேயியை இன்னும் எத்தனை தடவை கூண்டில் ஏற்றப் போகிறீர்கள்?

கோயில் பரிபாலன சபையினருக்கும், சனசமூக நிலைய நிர்வாகிகளுக்கும், ஊர் இலக்கிய மன்றங்களின் செயலாளர்களுக்கும், திருவிழா உபயகாரருக்கும்,

வணக்கம்.

நான் வடமராட்சியில் தமிழ் படிப்பிக்கிற ஓர் ஆசிரியை. நீங்கள் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி பிடித்து நடத்துகிற பட்டிமண்டபங்களையும் வழக்காடு மன்றங்களையும் கோயில் வீதி மணலில் இருந்து கேட்டு வளர்ந்தவள். கம்பன் என்ற பெயரை நான் முதலில் கேட்டதே உங்கள் மேடையில்தான், பள்ளிக்கூடத்தில் இல்லை. அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன். ஆனாலும் கொஞ்சம் கோபமும் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை.

இந்த வருடத் திருவிழா அழைப்பிதழ்கள் வரத் தொடங்கிவிட்டன. கைகேயி குற்றவாளியா இல்லையா, வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா பிழையா, நன்றிக்கடனில் உயர்ந்தவன் கர்ணனா கும்பகர்ணனா, கோவலன் கெட்டது தன்னாலா மாதவியாலா. என் அப்பா காலத்துத் தலைப்புகள்தான், மாறவில்லை. தலைப்பு பழையது என்பது என் முறைப்பாடு இல்லை. அந்தத் தலைப்புகளை வைத்து நீங்கள் நடத்துகிற முறைதான் பிரச்சினை. ஒரு பாத்திரம், இரண்டு அணி, நடுவில் ஒரு நீதிபதி, கடைசியில் தீர்ப்பு. செய்தது குற்றமா இல்லையா என்ற பேச்சிலேயே இரண்டரை மணித்தியாலம் போய்விடுகிறது. ஏன் செய்தாள், எந்த நிமிடத்தில் மனம் மாறினாள், மாறுவதற்கு முன்பு எப்படி இருந்தாள் என்பதைக் கேட்க யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த மேடை என்று கேட்காதீர்கள். இளையோர் வழக்காடு மன்றம் ஒன்றில் என் மாணவி ஒருத்தி கைகேயிக்கும் கூனி மந்தரைக்கும் எதிராக வழக்குத் தொடுக்கும் அணியில் இருந்தாள். பிள்ளை கெட்டிக்காரி. மந்தரை சூழ்ச்சிப் படலத்தை முழுக்க வாசித்தாள். வாசித்துவிட்டு வந்து, “ரீச்சர், கூனிக்கு இராமன் மேல் ஏன் கோபம் என்று கம்பர் சொல்லியிருக்கிறாரே” என்றாள். அதைப் பேச்சில் சேர்த்தும் எழுதியிருந்தாள். ஒத்திகைக்கு வந்த பெரியவர் அந்தப் பந்தியை வெட்டச் சொல்லிவிட்டார். அது எதிரணிக்குச் சாதகமாம். அவரில் பிழை இல்லை. ஆட்டத்தின் விதி அது. ஆனால் ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்த நல்ல விஷயத்தை ஒளிக்கச் சொல்கிற ஆட்டத்தை இலக்கியம் என்ற பெயரில் ஏன் நடத்துகிறோம்?

அவள் கண்டுபிடித்தது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். இந்த மடலில் எனக்கு மிக வேண்டிய இடம் அது.

கம்பர் கூனியை மேடைக்குக் கொண்டுவரும்போதே வைதுதான் கொண்டுவருகிறார். ‘இன்னல் செய் இராவணன் இழைத்த தீமை போல்’ அவள் தோன்றினாளாம். இராவணன் செய்த தீமையெல்லாம் சேர்ந்து உருவெடுத்து வந்தது போல. வழக்குத் தொடுநருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. உங்கள் மேடைகளில் இந்த அடி தவறாமல் வரும். ஆனால் அந்தப் படலத்தில் அடுத்து அவர் என்ன செய்கிறார்? அவள் உதட்டை மடித்துக்கொண்டு கைகேயியின் அரண்மனைக்கு விரைகிற அதே நேரத்தில் அவளுடைய மனத்துக்குள் நம்மை இறக்கிவிடுகிறார்: ‘பண்டை நாள் இராகவன் பாணி வில் உமிழ் உண்டை உண்டதனைத் தன் உள்ளத்து உள்ளுவாள்.’ சின்ன இராமன் விளையாட்டு வில்லில் மண்ணுருண்டை வைத்து அவள் முதுகுக் கூனில் அடித்திருக்கிறான். அடித்தவனுக்கு அது விளையாட்டு. அடிபட்டவள் அத்தனை வருடமும் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் கம்பர் போகிற போக்கில் ஒரு காரணம் சொன்னார் என்று விட்டுவிடலாம். அவர் விடவில்லை. இரண்டு காண்டம் தள்ளி, கிட்கிந்தையில் சுக்கிரீவனுக்கு முடிசூட்டிவிட்டு அரசியல் புத்திமதி சொல்கிற இடத்தில் இராமன் வாயாலேயே அதை ஒப்புக்கொள்ள வைக்கிறார். ‘சிறியர் என்று இகழ்ந்து நோவு செய்வன செய்யல்’ என்று தொடங்குகிறான் இராமன். சின்ன ஆட்கள்தானே என்று இகழ்ந்து நோகடிக்காதே, நான் அந்த நெறியை மறந்து ஒரு தீமை செய்தேன், அந்தக் கூனியால்தான் துயரக் கடலில் விழுந்தேன் என்கிறான். காப்பியத் தலைவன் தன்னுடைய பிழையைத் தானே சொல்கிறான். அவளை அவன் குற்றம் சொல்லவில்லை. பழிவாங்கினாள் என்று பொருமவும் இல்லை. ‘யான் ஓர் தீமை இழைத்தலால்’ என்று தன் பக்கத்தில் இருந்தே கணக்கைத் தொடங்குகிறான்.

இப்போது சொல்லுங்கள், இதில் கூனி குற்றவாளியா, குற்றவாளி இல்லையா? தீர்ப்பு எதைச் சொன்னாலும் இந்த இரண்டு பாட்டுக்கும் நடுவில் கம்பர் கட்டிய பாலம் உடைந்துபோகும். இத்தனை வருடத்தில் நான் கேட்ட மேடைகளில் முதல் பாட்டைச் சொன்னவர்கள் இருக்கிறார்கள், இரண்டாவதைச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒருவரே சொல்லிக் கேட்டதில்லை. ஏனென்றால் அவை வேறு வேறு அணிக்கு உரியவை.

கைகேயிக்கும் இதே கதிதான். இராமனுக்கு முடிசூட்டு என்று கேட்டதும் அவள் செய்த முதற் காரியம் கூனிக்கு மாலை பரிசளித்தது. ‘சுடர்க்கு எலாம் நாயகம் அனையது ஓர் மாலை.’ அதற்கும் முன்பு, ‘இராமனைப் பயந்த எற்கு இடர் உண்டோ’ என்கிறாள். இராமனைப் பெற்ற எனக்கு என்ன துன்பம் வரும் என்கிறாள். பெற்றவள் கோசலை என்பது அந்த வீட்டில் ஒரு பேச்சே இல்லை என்று காட்டுகிற வரி அது. இப்படிப்பட்டவளை மாற்றக் கூனி எத்தனையோ சொல்லிப் பார்க்கிறாள். பரதனுக்கு அரசு போகிறது என்ற பேச்சு உடனே எடுபடவில்லை. கூனி பிறகு பிறந்த வீட்டைத் தொடுகிறாள். உன் கணவனுக்குப் பயந்துதான் சீதையின் தகப்பன் உன் தகப்பனை விட்டுவைத்திருக்கிறான், நாளைக்கு என்ன ஆகும் என்கிறாள். உன் அப்பாவும் உறவினரும் குறை என்று வந்து நின்றால், ‘வந்து காண்பது உன் மாற்றவள் செல்வமோ? மதியாய்’ என்கிறாள்.

யாழ்ப்பாணத்தில் கலியாணம் செய்து போன எந்தப் பெண்ணிடமும் இந்த வரியை வாசித்துக் காட்டுங்கள். விளக்கவுரை தேவைப்படாது. அம்மா வீட்டு ஆட்கள் வந்து நிற்கும்போது கையில் ஒன்றும் இல்லாமல் இன்னொருத்தியின் முகத்தைப் பார்க்க வேண்டிவருமே என்ற பயம் அவர்களுக்குத் தெரியும். கம்பர் அதை அறிந்து எழுதியிருக்கிறார். பதவி ஆசை என்று ஒரே சொல்லில் அடித்து மூடிவிட்டுப் போகிற நீதிபதிக்குத்தான் அது தெரியவில்லை. கம்பர் தேவர்களின் மாயையையும் சொல்கிறார், அரக்கரின் பாவத்தையும் சொல்கிறார். ஆனால் ‘தூய சிந்தையும் திரிந்தது’ என்று எழுதும்போது, திரிவதற்கு முன்பு அது தூயதாக இருந்தது என்பதை மறக்காமல் எழுதுகிறார்.

வாலி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது உங்கள் மேடையில் அடித்துத் துவைத்த துணி. ஒன்றை மட்டும் கவனியுங்கள். மறைந்து நின்று ஏன் எய்தாய் என்ற கேள்விக்குக் கம்பராமாயணத்தில் பதில் சொல்பவன் இலக்குவன். நீயும் அடைக்கலம் என்று வந்துவிடுவாய் என்று கருதித்தான் அண்ணன் மறைந்து நின்றான் என்கிறான் தம்பி. மற்றக் குற்றச்சாட்டுகளுக்கெல்லாம் வாய் திறந்த இராமன் இந்த ஒன்றில் மட்டும் பேசவில்லை. அந்த மௌனத்தைப் பற்றி ஒருவர் ஒரு மணித்தியாலம் பேசினால் நான் பருத்தித்துறையில் இருந்து கடைசி பஸ்ஸை விட்டுவிட்டாவது வந்து கேட்பேன்.

வீடணன் பற்றிய தலைப்புகளில் எனக்கு ஒரு தனிப் பயம் உண்டு. ‘வீடணன் துரோகியா’ என்று நோட்டீஸில் பெரிய எழுத்தில் அடிக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லால் உயிர் போன காலத்தை எங்கள் ஊர் கண்டது. கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் யாருடைய வீட்டில் யார் இல்லை என்று மேடையில் இருப்பவருக்குத் தெரியாது. அந்தத் தலைப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. தெய்வம் என்றும் துரோகி என்றும் இரண்டு கதிரை போட்டுக் கைதட்டல் வாங்கும் விஷயமா அது என்றுதான் கேட்கிறேன். கும்பகர்ணனும் வீடணனும் போர்க்களத்தில் சந்திக்கிற இடத்தைப் படித்துப் பாருங்கள். அண்ணன் தம்பியை ஏசவில்லை. நீ அங்கேயே இரு, எனக்குத்தான் வர முடியாது என்கிறான். ‘நீர்க்கோல வாழ்வை நச்சி நெடிது நாள் வளர்த்துப் பின்னைப் போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர் கொடாது அங்குப் போகேன்.’ இந்த வாழ்வு நீர்மேல் போட்ட கோலம் என்று தெரிந்தவன், அண்ணன் இராவணன் செய்தது பிழை என்று முகத்துக்கு நேரே சொன்னவன், ஆனாலும் போகாதவன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொண்டே பிரிகிறார்கள். எதிரெதிர் அணிக் கதிரைகளில் அந்தப் பிரிவை வைக்க முடியாது.

கர்ணனுக்கு வருவோம். எங்கள் ஊரில் கர்ணன் என்றால் 1964இல் வந்த பந்துலுவின் படம்தான், சிவாஜிதான். மேடையில் பாரதப் பாட்டு ஒன்றுக்குப் படப்பாட்டு மூன்று. படத்தைக் குறை சொல்லவில்லை, நானும் அழுதுதான் பார்த்தேன். செஞ்சோற்றுக் கடன் வில்லிபுத்தூராரின் பாரதத்திலும் இருக்கிறது. தன் மனைவியின் மேகலை அறுந்து மணி சிந்தியபோது ‘எடுக்கவோ கோக்கவோ’ என்று கேட்ட நண்பன் துரியோதனனை விட்டு எப்படி வருவேன் என்று குந்தியிடம் சொல்கிறானே, அந்த இடம். சந்தேகம் என்ற ஒன்று தொடவே முடியாத நட்பு அது. ஆனால் வியாசரின் பாரதத்தில் சபை நடுவே திரௌபதியை இழிசொல் சொன்னவனும் இதே கர்ணன்தான். சுயம்வரத்தில் பட்ட அவமானம், தேரோட்டி மகன் என்ற பெயர், எல்லாம் அந்த ஒரு நாளில் ஒரு பெண் மேல் கொட்டுகிறது. பிறப்பால் அவமானப்பட்டவன் தனக்கு வாய்ப்பு வந்தபோது இன்னொருவரை அவமானப்படுத்தினான். சாதி பற்றி இன்னும் வாய்விட்டுப் பேச முடியாத எங்கள் ஊரில் இதைத்தானே பேச வேண்டும்? வள்ளல் அணி இதைச் சொல்லாது. எதிரணி சொன்னாலும் ‘கெட்டவன்’ என்று நிரூபிக்க மட்டும் சொல்லும்.

சினிமா என்று வந்தபடியால், மகேந்திரனின் உதிரிப்பூக்கள் (1979) பற்றி ஒரு சொல். சுந்தரவடிவேலுவைவிட வெறுக்கத்தக்க ஒருவரைத் தமிழ்ப் படங்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும். கடைசியில் ஊரே திரண்டு அவனை ஆற்றில் இறங்கிச் சாகும்படி நெருக்குகிறது. அப்போது அவன் சொல்வது, தான் செய்த பிழைகளிலேயே பெரிய பிழை இந்த நல்ல மனிதர்களையும் தன்னைப் போல ஆக்கியதுதான் என்று. படம் அவனை மன்னிக்கவில்லை. ஊருக்கும் வெற்றி கொடுக்கவில்லை. கரையில் நிற்கிற அவன் பிள்ளைகளைத்தான் நமக்குக் காட்டுகிறது. அந்தப் படத்தை வைத்து ஒரு வழக்காடு மன்றம் நடத்தினால் நீதிபதி அந்த ஊரார் கூட்டத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் எடுக்கிற பிள்ளைகளுக்கு ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவில் வருகிற இயாகோவைத் தெரியும். அவன் காரணங்களை மாற்றி மாற்றிச் சொல்வான். பதவி கிடைக்கவில்லை என்பான், மனைவி மேல் சந்தேகம் என்பான். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் அதைப் பார்த்து, இது காரணமில்லாத கேடு, காரணத்தைத் தேடி அலைகிறது என்றார். பிடிபட்ட பிறகு இனி ஒரு வார்த்தையும் பேசமாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறான் இயாகோ. கூனியையும் அவனையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் எவ்வளவு நல்ல மாலைப்பொழுது! ஒருவனுக்குக் காரணம் அதிகம், ஒன்றும் ஒட்டவில்லை. ஒருத்திக்கு ஒரேயொரு மண்ணுருண்டை, அது போதுமாக இருக்கிறது.

குறியீடு பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது அதுவும் மேடையில் நாகரிகமாகிவிட்டது. பத்துத் தலை என்றால் பத்துக் குற்றம், சிலம்பு என்றால் நீதி, தீ என்றால் கற்பு. ஒன்றுக்கு ஒன்று என்று விடைத்தாள் திருத்துவது போல் சொல்லிக்கொண்டு போகிறார்கள். சிலம்பு அப்படி நிற்கிற பொருளா? வறுமை வந்துவிட்டது, வெட்கமாக இருக்கிறது என்று கோவலன் சொன்ன இரவில், ‘நலங்கேழ் முறுவல் நகைமுகம் காட்டிச் சிலம்பு உள கொண்ம்’ என்கிறாள் கண்ணகி. முகத்தில் ஒரு சிரிப்போடு எடுத்துக் கொடுக்கிறாள். அப்போது அது ஒரு மனைவியிடம் மிச்சம் இருந்த நகை. மதுரைக் கடைத்தெருவில் அது விற்பனைப் பண்டம். பொற்கொல்லன் கண்ணில் தன் களவை மறைக்க வந்து வாய்த்த வழி. அரசவையில் சாட்சி. உடைத்த பிறகு மாணிக்கப் பரல். இடம் மாற மாற அது மாறிக்கொண்டே போகிறது. மகனை வெளிநாடு அனுப்ப ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டவென்று தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்த அம்மாமார் இருக்கிற ஊர் இது. முன்வரிசையில் இருக்கிற அவர்களுக்குச் சிலம்பு என்றால் நீதி என்று பாடம் எடுக்காதீர்கள்.

பாண்டியனையும் அப்படித்தான் ஒரே வரியில் முடிக்கிறார்கள்: ஆராயாமல் கொன்றான். ஏன் ஆராயவில்லை? அவன் ஆடல் மகளிரைப் பார்த்து மயங்கினான் என்று தேவி ஊடி, தலைவலி என்று சாட்டுச் சொல்லிவிட்டு எழுந்து போகிறாள். அவளைச் சமாதானப்படுத்த அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிற வழியில்தான் பொற்கொல்லன் காலில் விழுகிறான். காணாமற் போனது அதே தேவியின் சிலம்பு. கள்வன் கையில் அது இருந்தால், ‘கொன்று அச்சிலம்பு கொணர்க’ என்று நடந்தபடியே சொல்லிவிட்டுப் போகிறான். வீட்டுச் சண்டையின் அவசரத்தில் ஓர் உயிர். கொல்லப் போன காவலருக்கே கோவலனைப் பார்த்ததும், இவன் கொலைப்படுகிற ஆள் இல்லை என்று தோன்றிவிட்டது. அவர்கள் தயங்கி நிற்கையில், ‘கல்லாக் களிமகன் ஒருவன்’ வாளை வீசிவிடுகிறான். இளங்கோ எத்தனை பேரை அந்தக் கொலைக்குள் கொண்டுவருகிறார் என்று எண்ணிப் பாருங்கள். ‘குற்றவாளி யார்’ என்ற ஒருமைக் கேள்வி இதற்குள் எங்கே நுழையும்?

வேறு என்னதான் செய்வது, சனம் வர வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். புதிதாக எதையும் இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. எங்கள் கோயில்களில் புராணபடனம் இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. ஒருவர் கந்தபுராணத்தை இராகத்தோடு வாசிப்பார், இன்னொருவர் பயன், அதாவது பொருள், சொல்வார். பாட்டுத் தாண்டாமல், காண்டம் தாண்டாமல், நாள் கணக்காக. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை கந்தபுராண கலாசாரம் என்று பேர் வைத்தாரே, அது இந்தப் படிப்பில் விளைந்தது. அதில் சூரபன்மனுக்கு யாரும் தீர்ப்புச் சொன்னதில்லை. ‘பாலன் என்றிருந்தேன் அந்நாள் பரிசிவை உணர்ந்திலேன் யான்’ என்று அவனே போர்க்களத்தில் உருகுகிற பாட்டு வரும். அந்தத் தெளிவு நிலைக்காமல் பழைய மூர்க்கம் திரும்பி வருகிற இடமும் வரும். கேட்கிறவர்கள் இரண்டையும் கேட்பார்கள். கடைசியில் அவன் மாமரமாகி, சேவலும் மயிலுமாகி, கொடியிலும் வாகனத்திலும் ஏறிவிடுவான். ஐப்பசியில் சூரன்போர் பார்க்கப் போகிற சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முடிவு இது.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் இராவணேசனை வடமோடி என்ற நாட்டுக்கூத்து வடிவத்தில் மேடையேற்றினாரே, அதுவும் இந்த வழிதான். மௌனகுரு எழுதிய அந்த இராவணன் நல்லவன் என்று வாதிட வரவில்லை. தான் விழுவது தெரிந்தும் நிற்கிற ஒரு மனிதனாக ஆடிக் காட்டப்பட்டான். சனம் திரண்டு வந்து பார்த்தது.

ஆகவே இந்த வருடத் திருவிழாவில் ஒரேயொரு இரவை எனக்குத் தாருங்கள். வழக்காடு மன்றத்தை முழுக்க நிறுத்துங்கள் என்று கேட்கமாட்டேன், பேச்சாளர்கள் என்னை அடிக்க வருவார்கள். அந்த ஓர் இரவில் மந்தரை சூழ்ச்சிப் படலத்தை முதலில் இருந்து கடைசி வரை வாசிப்போம். நன்றாகப் பாடத் தெரிந்த ஒருவர், பயன் சொல்ல ஒருவர். பயன் சொல்பவர் இரண்டு பக்கத்துக்கும் உரியவராக இருக்கட்டும். சனம் இடையில் கை உயர்த்திக் கேள்வி கேட்கலாம், அதற்கு ஓர் ஒலிவாங்கி வீதியில் சுற்றட்டும். முடிவில் கிட்கிந்தா காண்டத்தில் இருந்து அந்த ஒரு பாட்டையும் வாசித்துவிட வேண்டும். நீதிபதிக் கதிரை வேண்டாம். இளையோர் அணிகளை வைத்தே தீருவோம் என்றால், பாட்டு எந்த அணிக்குச் சாதகம் என்று பார்த்து வெட்டாமல் பிள்ளை கண்டதைச் சொல்ல விடுங்கள். புகார் நகரத்து இந்திர விழாவுக்கு முரசறைந்தவனே, பகைவரோடு என்றாலும் ‘செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்’ என்றுதான் சொல்லியிருக்கிறான், மணிமேகலையில்.

வாசிக்க ஆள் கிடைக்காவிட்டால் என் மாணவிகள் வருவார்கள். வெட்டப்பட்ட பந்தியை எழுதிய பிள்ளைக்கு நல்ல குரலும் உண்டு. எங்களுக்குப் பொன்னாடையும் வேண்டாம், நினைவுச் சின்னமும் வேண்டாம். இரவு பத்து மணிக்கு முன்பு முடித்து, பெண் பிள்ளைகள் வீடு போக ஒரு வாகனம் ஒழுங்கு செய்தால் போதும். எந்தத் திருவிழா, எத்தனையாம் நாள் என்பதை அறிவித்தீர்கள் என்றால் இப்போதிருந்தே பாட்டுகளைப் பிரித்துக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
வடமராட்சியில் இருந்து ஒரு தமிழாசிரியை